லேப்டாப்புக்குள் இருந்த ஏழு நிமிடம்

மலேசியாவில் சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் வழியில், இப்போது செம்பனை நிற்கிற இடத்தில் முன்பு ரப்பர் பால்மரம் நின்றது. அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் நான் பிறந்தேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகையால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணிமார் மன்றத்தில் ரோசாக் ஆகிவிட்டது, பழுது, இனிப் பாடாது என்று தூக்கிப் போட்ட ஆம்ப்ளிபையரைப் பொறுக்கிக்கொண்டு வந்து நானே பிரித்தேன். கரண்ட் இரண்டு முறை தூக்கியடித்தது. மூன்றாவது முறை பாடியது. அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு, தேர்தல் கூட்டம், எதுவானாலும் என் மைக் செட்தான். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக்களத்து மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டேன் என்றால் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் கேட்கும். பேசத் தெரியாதவன்கூட என் மைக்கில் பேசினால் சிங்கம் மாதிரி இருப்பான். ஒரு லாரியில் ஆரம்பித்து மூன்று லாரி வைத்தேன். சிரம்பான் லோபாக்கில் வீடு வாங்கினேன். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தேன். எவன் தயவும் இல்லாமல்.

இத்தனை மைக் கிடந்த வீட்டில், என் மனைவி ஒரு நாளும் ஒரு மைக்கிலும் பேசியதில்லை. பால் வெட்டிக்கொண்டிருந்தவளைத்தான் கட்டிக்கொண்டு வந்தேன். செட் கட்டப் போனால் கூட வருவாள், வயரைச் சுற்றித் தருவாள், எந்தக் குழாய்க்கு எந்த வயர் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். "நீயும் ஒரு வார்த்த பேசேன்" என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். "ஒங்களுக்கே மைக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியல, இதுல எனக்கு வேறயா" என்பாள். நான் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்பதைத்தான் அப்படிச் சொல்வாள்.

சிறுநீரகம் கெட்டுப்போய்ப் போன வருசம் இறந்துவிட்டாள்.

போன பிறகுதான் தேடினேன். என் அலமாரியில் ஊர்ச்சனம் அத்தனை பேர் குரலும் கேசட்டாகக் கிடக்கிறது. கங்காணி வேலை பார்த்துச் செத்துப்போன மண்டோர் ஒருத்தர் கல்யாண வீட்டில் மொய் வாசித்தது இருக்கிறது. ஒரு பூசாரி மைக் போட்டது தெரியாமல் சமையல்காரனைத் திட்டியதுகூட இருக்கிறது. அவள் குரல் இல்லை. கைப்பேசியில் அவள் எனக்கு ஒரு வார்த்தை பதிந்து அனுப்பியதில்லை. வீடியோக்களில் பின்னால் எங்கேயோ தட்டு எடுத்துக்கொண்டு போகிறாள்.

ஒரு வருசம் ஆகப்போகிற நேரத்தில் கோயிலில் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் என்னிடம் கேட்டார்.

"அண்ணே, அண்ணி ரேடியோவுல பேசுனாங்களே, அத எடுத்து வச்சிருக்கீங்களா?"

"யாரு, இவளா? எந்த ரேடியோவுல?"

"இன்டர்நெட்டுல வருமே, சிரம்பான்ல நடத்துறாங்கல்ல, அதுலதான். தோட்டத்துல இருந்தவங்களக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. நாந்தான் போன் அடிச்சுக் குடுத்தேன். நீங்க அன்னைக்குப் போர்டிக்சன்ல திருவிழாவுக்கு செட்டு கட்டப் போயிட்டீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒங்க மைக்கத் தூக்கிட்டு வந்திருப்பீங்களாம். அண்ணிதான் சொன்னாங்க."

அந்த ரேடியோ ஒரு கடைவீட்டு மாடியில் ஒரு பெண் நடத்துவது. பழைய நிகழ்ச்சிகளை ஒரு பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்கள். என் மகள் கோலாலம்பூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப் என் வீட்டில்தான் கிடந்தது. போனில் அவள் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. முக்கோணத்தைத் தொட்டேன்.

"அலோ" என்றாள் என் மனைவி.

ஏழு நிமிடம் பேசியிருந்தாள். இருமிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். எந்தத் தோட்டம் என்று சொன்னாள். வேலைக்காட்டில் அவள் வெட்டிய மர வரிசை எத்தனாவது நிரை என்பதுகூட மறக்கவில்லை. அப்புறம் என்னைப் பற்றி வந்தது. "திருவிழாவுக்கு இவரு கோயில்ல செட்டு போட்டிருப்பாரு, நா அந்தக் கடைசி மரத்துல வெட்டிக்கிட்டு இருப்பேன். அவருக்குப் பசிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்மா. பசி வந்தா சத்தத்தக் கூட்டிருவாரு. சரி, ஆள் இன்னும் சாப்புடலன்னு வாளியத் தூக்கிக்கிட்டு எறங்கிருவேன்." அந்த ரேடியோப் பெண் சிரித்தது. இவளும் சிரித்தாள். நாற்பது வருசம் கூட வாழ்ந்தவன் நான். பசித்தால் சத்தத்தைக் கூட்டுகிறவன் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் அந்தப் பெண், என்ன பாட்டு வேண்டும் அம்மா என்று கேட்டது. "பாட்டு வேணாம்மா. நெறைய கேட்டாச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் போடாம சும்மா விடுங்க" என்றாள். நிஜமாகவே சில வினாடி சும்மா விட்டார்கள். அதோடு முடிந்தது.

மறுமுனையில் மகளும் அவள் வேலை இடத்தில் அதே பக்கத்தைத் திறந்து கேட்டிருக்கிறாள். ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, கீழ ஒரு அறிவிப்பு போட்டிருக்காங்க. வெள்ளிக்கெழமையோட இந்தப் பக்கத்த மூடுறாங்களாம்."

"மூடட்டும். இத நம்ம எறக்கி வச்சுக்குவோம்."

"எறக்க வழியில்லப்பா. கேக்க மட்டுந்தான் முடியும். இருங்க, நா யாருகிட்டயாவது கேட்டு எடுத்துர்றேன்."

"ஒங்கப்பன் உசுரோட இருக்கறப்ப நீ யாருகிட்ட கேக்கப் போற? ஞாயித்துக்கெழம அம்மா திதி. அன்னைக்குப் படைச்சிட்டு எல்லார் முன்னாடியும் போடுவேன். நீயும் அன்னைக்கே முழுசா கேளு."

அவள் சரி என்றாள். இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் செய்வேன் என்று சின்ன வயதிலிருந்து நம்பி வளர்ந்தவள்.

அன்று திங்கட்கிழமை.

முதலில் கைப்பேசியை லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். வந்தது. வந்த சத்தம் பால் தகரத்துக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. இந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் எந்தக் கோயிலிலும் கொடுத்ததில்லை. என் வீட்டு முற்றத்தில், என் பெண்சாதி திதியில், என் ஸ்பீக்கரில் இதைப் போடுவதா? அழித்துவிட்டேன்.

அடுத்ததாக ஸ்டோரில் போய் நல்ல வயர் ஒன்றை எடுத்து வந்தேன். ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேராக என் பழைய கேசட் டெக்குக்கு இழுத்துவிட்டால் கதை முடிந்தது. ஓட்டைக்குள் வயர் இறங்கவில்லை. மகள் படிக்கிற காலத்தில் ஹெட்போன் முனை ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கிறது. ஊசியால் குத்தினேன், பசை தடவிய தீக்குச்சியை விட்டுப் பார்த்தேன். இன்னும் உள்ளேதான் போயிற்று.

அப்புறம்தான் லேப்டாப் தன் சத்தத்தைத் தானே பிடித்துக்கொள்ளட்டும் என்று இறங்கினேன். அதில் பதிவு செய்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. சிவப்பு வட்டத்தை அமுக்கினால் கோடு ஓடும். சத்தம் வந்தால் கோடு அலை அலையாக எழும்ப வேண்டும். அவள் பேசினாள், கோடு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தவளுக்குக் கடைசியில் ஒரு கோடு ஓடியது, அது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால் ஒன்றும் இல்லை. ஒலி அளவைக் கூட்டினேன். அணைத்துப் போட்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதோடு போனது.

புதன்கிழமை சாயங்காலம் மகள் ஓய்வு நேரத்தில் போன் போட்டாள்.

"அப்பா, ரெக்கார்டிங்னு ஒரு பக்கம் இருக்கா? அதுல என்னென்ன இருக்கு?"

"மைக்ரோபோன்னு ஒண்ணுதான்."

"ஸ்டீரியோ மிக்ஸ்னு இருக்கான்னு பாருங்க. அது இருந்தாத்தான் மெசின் தான் பாடுறதத் தானே எடுக்கும். காலி எடத்துல வலது பக்கம் அமுக்குங்க, மறைச்சு வச்சதக் காட்டச் சொல்லும்."

"காட்டுன்னுட்டேன். ஒண்ணும் காட்டல."

"அப்பா, நா எடுத்துரட்டா?"

"அட, இரும்மா. நாளைக்கு முடிச்சிர்றேன்."

வியாழக்கிழமை லோபாக்கில் கைப்பேசி, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தமிழர்தான், முப்பது வயது இருக்கும். அவர் அப்பா கல்யாணத்துக்கு நான்தான் செட் போட்டேன், அதையும் சொன்னேன். அவர் நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தார்.

"அங்கிள், இதுல ஸ்டீரியோ மிக்ஸே இல்ல. செல மெசின்ல கம்பெனிக்காரனே வைக்கிறதில்ல."

"என்னய்யா இது, தான் பாடுறது தனக்கே கேக்காதா?"

"வேற புரோகிராம் போட்டா எடுக்கும். கூட்டமா இருக்கு, வச்சிட்டுப் போங்க. சனிக்கெழம தர்றேன்."

"வெள்ளிக்கெழமையே மூடிருவாங்கய்யா."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. இதுல மைக்கே ஆஃப்ல கெடக்கு, அதான் ஒங்களுக்குக் கோடு அசையல. தொறந்து விடுறேன். ஸ்பீக்கர்ல சத்தமா வச்சு மைக்குல புடிங்க. ஆனா செட்டிங்ல கொஞ்சம்..."

"மைக்குல புடிக்கறத நீ எனக்குச் சொல்லாத. நா அதுல வாத்தியாருலா."

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். சன்னலைச் சாத்தினேன், காற்றாடியை நிறுத்தினேன். சுவரில் பட்டுச் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மூன்று பக்கமும் அவள் புடவைகளைத் தொங்கவிட்டேன். இதெல்லாம் எந்தப் படித்தவனுக்கும் தோன்றாது. தொழிலில் எப்படிச் செய்வேனோ அப்படியே முதலில் சோதித்தேன். "அலோ, அலோ, மைக் டெஸ்ட்" என்றேன். கோடு எழும்பியது. போட்டுக் கேட்டேன். கண்ணாடி மாதிரி என் குரல். நாற்பது வருசமாக இப்படித்தான் சோதிப்பேன். நம் குரல் திரும்பி வந்தால் செட் சரி. அதற்கப்புறம் யார் வந்து பேசினாலும் வரும்.

சிவப்பு வட்டத்தை அமுக்கிவிட்டு, அவளைப் பேச விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். சும்மா இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இருக்க முடியவில்லை. நிரையைச் சொன்னபோது "ஆமா, அந்தச் சரிவுல" என்று சொல்லிவிட்டேன். பசிக்குச் சத்தத்தைக் கூட்டுவேன் என்றபோது "பொய்யி, என்னைக்குக் கூட்டுனேன்" என்றேன். இன்னும் நாலைந்து இடத்தில் வாய் விட்டேன். போகட்டும், புருசன் பெண்சாதி பேச்சுதானே, கேட்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முடிந்ததும் பெயர் போட்டுச் சேமித்தேன். திருப்பிக் கேட்கவில்லை. ஏன் என்றால், படையலுக்குச் சமைக்கிறதை நாங்கள் ருசி பார்ப்பதில்லை. உப்பு இருக்கிறதா என்றுகூட நாக்கில் வைக்க மாட்டோம். இறந்தவர்களுக்கு வைத்த பிறகுதான் நமக்கு. இதையும் அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கட்டுப்பாடு.

மகளுக்குப் போன் போட்டேன். "எடுத்தாச்சு. நீ ஒண்ணும் அலட்டிக்காத."

"நல்லா வந்திருக்காப்பா?"

"யாரு எடுத்தது?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் தொட்டேன். வெறும் வெள்ளையாக வந்தது. எனக்குக் கவலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்தேன். வீட்டுக்குள் படம் வைத்து, அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரை எல்லாம் இலையில் வைத்தோம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தோட்டத்தில் கூட வேலை செய்தவர்கள் போர்டிக்சன் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். சூடம் காட்டி முடித்ததும் நான் மைக்கை எடுத்தேன். "இத்தன வருசம் நா பேசுனேன். இப்ப அவ பேசுவா, கேளுங்க" என்றேன். லேப்டாப்பைத் தட்டினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் இரைச்சல்கூட இல்லை. அப்புறம் முற்றம் அதிர என் குரல். "ஆமா, அந்தச் சரிவுல."

திரும்பவும் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "பொய்யி, என்னைக்குக் கூட்டுனேன்."

பின்னால் யாரோ கிழவி ஒருத்தி, "அவரு கொரலுதானே வருது, அவ எங்க?" என்றாள். இன்னொருத்தர், "இப்பவும் அவள பேச விடல பாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு நிமிடக் கோட்டில் நான் வாயைத் திறந்த இடங்களில் மட்டும் மேடு. மற்ற இடமெல்லாம் சமம்.

"அப்பா, ஒரு தடவ போட்டுக் கேட்டுப் பாத்திருக்கலாம்ல."

"படைக்கறதுக்கு முன்னாடி எப்படிம்மா."

அவள் லேப்டாப்பை மூடிவைத்தாள். இலையை எடுக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ரேடியோ நடத்திய அந்தப் பெண்ணின் எண்ணைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கிப் பேசினேன். "ஐயா, எல்லாம் அந்த சர்வர்லதான் இருந்துச்சு. வாடகைக்கு எடுத்த எடம். அவங்க துடைச்சிட்டாங்க. எங்ககிட்ட தனியா ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றது. குரலில் வருத்தம் இருந்தது. "அம்மாவ எனக்கு ஞாபகம் இருக்கு. பாட்டே வேணான்னு சொன்னவங்க அவங்க ஒருத்தர்தான்."

அங்கிருந்து லோபாக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு நிமிடம் கேட்டதுமே விளங்கிக்கொண்டார்.

"எக்கோவ வெட்டுற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு அங்கிள். வீடியோ கால்ல பேசுறப்ப எதிராளி கொரல் ஸ்பீக்கர்ல வந்து மைக்குக்குள்ள போயி அவருக்கே திரும்பிப் போகக் கூடாதுல்ல. அதனால ஸ்பீக்கர்ல வர்றத எல்லாம் மெசின் அழிச்சிரும். முன்னால இருக்கிற ஆளு பேசுறத மட்டும் வச்சுக்கும்."

"அத ஏன்யா சொல்லல?"

"சொல்ல வந்தேன் அங்கிள். நீங்கதான்..."

அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இது விளங்காத விஷயம் இல்லை. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போனால் செட் ஊளையிடும். அதைத் தடுக்கத்தானே ஒவ்வொரு கோயிலிலும் குழாயை இந்தப் பக்கம் திருப்பி, மைக்கை அந்தப் பக்கம் திருப்பி, வாழ்நாள் முழுக்க நின்றேன். மைக் ஸ்பீக்கரைக் கேட்கக் கூடாது. அந்தப் பாடத்தை எனக்கு முந்தியே அந்த மெசினுக்கு யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

தகர டப்பாச் சத்தம் என்று அழித்தேனே, அது இருந்தால் இன்றைக்குப் போதும். கைப்பேசியையும் கடைக்காரரிடம் கொடுத்து அதைத் தேடச் சொன்னேன். கைப்பேசியில் அழித்த இடத்தில் வேறு ஏதோ ஏறிவிட்டது என்றார்.

மிச்சம் இருப்பது இதுதான். நான் குறுக்கே பேசிய ஆறேழு இடங்களில், என் குரலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவள் குரல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் மெசினுக்கு எதை வெட்டுவது என்று தடுமாற்றமாம், அதனால் அங்கே கொஞ்சம் விட்டுவிட்டதாம். நான் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கேட்ட இடத்தில் எல்லாம் சுத்தமாகத் துடைத்திருக்கிறது.

இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் அதை என் பெரிய ஆம்ப்ளிபையரில் போட்டு உட்கார்கிறேன். என் குரல் கனம். அவளுடையது மெலிசு. கனத்தைக் குறைத்தால் மெலிசு மேலே வர வேண்டும், நாற்பது வருசமாக நான் செய்கிற வேலை. பேஸைக் குறைக்கிறேன். நான் குறைகிறேன். அவளும் குறைகிறாள். டிரபிளைக் கூட்டுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து கீச்சிடுகிறோம். என்னை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

மகள் போன் போடும்போது, அம்மா குரல் வருகிறதா அப்பா என்று முன்பு கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அவள் அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்கவே இல்லை. மீதியை என் வாயால் அவளுக்குச் சொன்னேன், பசி வந்தால் சத்தத்தைக் கூட்டுவது வரைக்கும். போன வாரம் சொல்லும்போது, கடைசி மரம் என்றாளா, கடைசி நிரை என்றாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்தேன்.